மெடிக்கல் லீவில் இருந்தபடி வேலை தேடுகிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

அந்தப் பையன் அனுப்பியிருந்த மூன்று பே ஸ்லிப்பிலும் கடைசி வரி ஒன்றேதான்: நிகரச் சம்பளம் 0.00. இன்டர்வியூவில் பிரமாதமாகப் பேசி, இரண்டு ரவுண்டும் தாண்டியிருந்தான். ஆஃபர் போடும் முன் எல்லோரிடமும் கேட்பதுபோல் கடைசி மூன்று மாத பே ஸ்லிப்பைக் கேட்டோம். வந்தது இது. வேலை பார்த்த நாள் பூஜ்யம், எல்.ஓ.பி. (சம்பளமில்லா விடுப்பு) முப்பது, முப்பத்தொன்று, முப்பது. போன் போட்டு, “என்னப்பா இது?” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “பைக் ஆக்சிடென்ட் மேடம். தொடையில ராடு வெச்சிருக்காங்க. முதல்லயே சொன்னா கூப்பிட மாட்டீங்கன்னு நினைச்சேன்” என்றான்.

பதினோரு வருஷமாகச் சென்னையில் எச்.ஆர். வேலையில் இருக்கிறேன். போன வருஷம் முதுகில் டிஸ்க் விலகி நாலரை மாதம் நானே லீவில் படுத்துக் கிடந்தேன். அதனால் மேஜையின் இரண்டு பக்கமும் தெரியும். லீவில் இருக்கும்போது வேறு வேலை தேடுவது தப்பு இல்லை. எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் தேடுகிறவர்கள் இன்டர்வியூவுக்கு மட்டும் தயாராகிறார்கள். காலை வாருவதோ காகிதங்களும் அவற்றில் உள்ள தேதிகளும்தான்.

அந்தப் பையனையே எடுத்துக்கொள்வோம். அவன் செய்திருக்க வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. விபத்துக்கு முந்தைய மூன்று மாதத்து ஸ்லிப், கடைசியாக வந்த இன்கிரிமென்ட் கடிதம், லீவை அனுமதித்த மெயில் மூன்றையும் ஒன்றாக இணைத்து, “இந்தத் தேதியிலிருந்து மருத்துவ விடுப்பில் இருக்கிறேன், அதனால் இந்த மாதங்கள் எல்.ஓ.பி.” என்று இரண்டு வரி எழுதியிருந்தால் யாரும் போனே போட்டிருக்க மாட்டார்கள். பூஜ்யத்தைப் பார்த்து எச்.ஆர். மிரளுவதில்லை. சொல்லாமல் வரும் பூஜ்யம்தான் இடறும். இன்னும் சிலர் சம்பளத்தை எடிட் செய்து அனுப்புகிறார்கள். அது பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டால் உடைந்துவிடும், படிவம் 16 பார்த்தாலும் உடைந்துவிடும். போலி ஆவணம் என்று ஒருமுறை பதிந்துவிட்டால் உடம்பு தேறிய பிறகும் அது கூடவே வரும்.

வெறுப்பில் தேடத் தொடங்குவது இன்னொன்று. நான் லீவில் போன இரண்டாவது மாதம், மல்லாந்து படுத்தபடியே செல்போனில் நாற்பது இடத்துக்கு விண்ணப்பித்தேன். ஆபீசிலிருந்து யாரும் விசாரிக்கவில்லை என்ற கோபம். பிசியோதெரபி தொடங்கி, எழுந்து உட்கார முடிந்த பிறகுதான் யோசித்தேன்: நான் தப்பிக்க நினைத்தது வேலையிலிருந்தா, ஓ.எம்.ஆரில் தினமும் இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் குலுங்குவதிலிருந்தா? நாற்பதில் பாதி கம்பெனி அதே சாலையில் இருந்தது. வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை கேட்டேன், கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்காது என்பது தெரியும். கேட்காமலே தேடக் கிளம்ப வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

இ.எஸ்.ஐ. வாங்குகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு இருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள் கிடைக்கும். காசநோய், புற்றுநோய், இதய வால்வு நோய்கள், சிறுநீரகச் செயலிழப்பு என்று 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதமாக, இரண்டு வருஷம் வரை நீட்டிக்கும் வசதியும் இருக்கிறது. அதற்கு இரண்டு வருஷத் தொடர்ச்சியான வேலை இருக்க வேண்டும்.

இந்தப் பணத்தோடு நிபந்தனைகளும் வருகின்றன. உதவி வாங்கும் நாளில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மருத்துவ அதிகாரி அனுமதி இல்லாமல் சிகிச்சை எடுக்கும் பகுதியை விட்டு வெளியூர் போகக் கூடாது, குணமாவதைக் கெடுக்கும் எதையும் செய்யக் கூடாது என்பதும் விதியில் இருக்கிறது. இதைப் பெரும்பாலானவர்கள் படித்ததே இல்லை. எங்கள் தெருவில் ஒரு தம்பி, இதய வால்வு மாற்றி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஓசூரில் வாக்-இன் இன்டர்வியூ என்று கேள்விப்பட்டு ராத்திரி பஸ் ஏறிவிட்டான். மறுநாள் டிஸ்பென்சரியில் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டிய தேதி. அது தவறிப்போய், அந்த இடைவெளிக்குக் காரணம் எழுதிக் கொடுக்க இரண்டு நாள் வரிசையில் நின்றான். வீடியோ இன்டர்வியூ கேட்டிருந்தால் போதும். இல்லையென்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுமதி வாங்கியிருக்கலாம்.

அவன் கதை அதோடு முடியவில்லை. ஓசூரில் வேலை கிடைத்தது. “அக்கா, 19,800 வாங்கிட்டிருந்தேன், இங்க 22,500 தராங்க” என்று சந்தோஷமாக வந்தான். அவனைப்போல் மெக்கானிக்கல் வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்க அவ்வப்போது ஐ.என்.ஆர். பரிசோதனை செய்ய வேண்டும், எக்கோ எடுக்க வேண்டும். இவ்வளவும் அவனுக்கு இ.எஸ்.ஐ.யில் இலவசம். 21,000-ஐத் தாண்டிய சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தால் அங்கே இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை, பழைய பங்களிப்பின் பேரில் கிடைக்கும் மருத்துவமும் சில மாதங்களில் நின்றுவிடும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வரலாம் என்றால் அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். கூட வரும் 2,700 ரூபாய்க்கு உள்ளதும் போச்சு என்ற கதை. சம்பள உயர்வே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 21,000-ஐச் சுற்றி நிற்கிறவர்கள் ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன், புது இடத்தில் குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறதா, மாதாந்திர மருந்துச் செலவைச் சம்பளம் தாங்குமா என்று பேப்பரில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவனும் போட்டான். குரூப் இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும், மாத்திரைக்குத் தராது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

21,000-க்குள்ளேயே வேறு இடத்துக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு வேறு. புது கம்பெனியில் படிவம் நிரப்பும்போது பழைய இ.எஸ்.ஐ. எண்ணைச் சொல்லாமல் புது எண் வாங்கிவிடுகிறார்கள். பழைய பங்களிப்பெல்லாம் பழைய எண்ணிலேயே தங்கிவிடும். நாளைக்கு நீட்டிப்பு உதவி கேட்டால் இரண்டு வருஷத் தொடர்ச்சி எங்கே என்ற கேள்வி வரும். எண் ஒன்றுதான், அதையே கொண்டுபோங்கள்.

லீவில் இருந்தபடியே இன்னொரு இடத்தில் சேர்ந்துவிடுவது

ராஜினாமா கொடுக்காமல், லீவு முடியும்வரை இங்கேயும் ஒரு கால் அங்கேயும் ஒரு கால். இது பிடிபடாது என்று இப்போதும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யூ.ஏ.என்.-இல், எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தீர்கள், எந்தத் தேதி விலகினீர்கள் என்பது வரிசையாக இருக்கும். பின்னணி சரிபார்க்கும் நிறுவனங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். இரண்டு தேதி ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரண்டு வேலையும் ஆட்டம் காணும்.

இதில் லீவில் இருப்பவர்களை மட்டும் பிடிக்கும் ஒரு பொறி உண்டு. பழைய கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் பதியாமல் இழுத்தால், கடைசிப் பங்களிப்பிலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே பி.எஃப். தளத்தில் பதியலாம். ஆனால் கடைசியாகப் பங்களிப்பு வந்த மாதத்துக்குள்தான் தேதி போட முடியும். நாலு மாதம் எல்.ஓ.பி. என்றால் அந்த நாலு மாதமும் பங்களிப்பு இல்லை. ரிலீவிங் லெட்டர் ஆகஸ்ட் என்று சொல்லும், பி.எஃப். ஏப்ரல் என்று சொல்லும். இந்த முரணை விளக்கவே ஒரு மாதம் போய்விடும். அவசரப்படாமல் பழைய கம்பெனியையே பதியச் சொல்லுங்கள், மெயிலில் கேளுங்கள்.

அதைவிட மோசம், லீவு முடிந்தும் கடிதம் கொடுக்காமல், போனை எடுக்காமல் அப்படியே மறைந்துபோவது. “உடம்பு முடியலன்னு அவங்களுக்குத் தெரியாதா?” என்பார்கள். தெரியும். ஆனால் கோப்பில் இருப்பது அனுமதித்த லீவு தேதி மட்டும்தான். தமிழ்நாடு கடைகள் சட்டப்படி வருஷத்துக்குக் கிடைக்கும் மருத்துவ விடுப்பே 12 நாள்தான். அதற்கு மேல் எல்லாம் கம்பெனி கொடுத்தால் உண்டு. தேதி தாண்டினால் ‘அப்ஸ்காண்டிங்’, அதாவது சொல்லாமல் ஓடிப்போனவர் என்று எழுதிவிடுவார்கள். ரிலீவிங் லெட்டர் கிடைக்காது. ஒவ்வொரு நீட்டிப்புக்கும் டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு ஒரு மெயில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் மேனேஜருக்குச் சொன்னது கணக்கில் வராது.

நோட்டீஸ் காலத்தையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 90 நாள் நோட்டீஸை லீவிலேயே கழிக்கலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். நோட்டீஸ் காலத்தில் எடுத்த லீவுக்கு ஈடாகக் கடைசித் தேதியைத் தள்ளிப்போடும் கம்பெனிகள் நிறைய. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படித்துவிட்டுப் புது இடத்தில் சேரும் தேதி சொல்லுங்கள்.

ஐந்து வருஷத்தைத் தொடப்போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் நிதானிக்கலாம். நிரந்தர ஊழியர்களுக்குக் கிராஜுவிட்டி (வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை) கிடைக்க ஐந்து வருஷத் தொடர் பணி வேண்டும். நோய்க்காக எடுத்த விடுப்பு அந்தத் தொடர்ச்சியை முறிக்காது. “ஆறு மாசம் லீவுல இருந்தேன், அதனால கிராஜுவிட்டி கிடைக்காது” என்று தாமாகவே முடிவு கட்டி நாலரை வருஷத்தில் கடிதம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரசு ஊழியர் என்றால் கதையே வேறு. பணியில் இருக்கும்போது ஏற்பட்ட ஊனத்தைக் காரணம் காட்டி அரசு நிறுவனம் யாரையும் நீக்க முடியாது என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். பக்கவாதம் வந்த டிரைவர், பார்வை போன கிளார்க் எல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

இன்சூரன்ஸ் நடுவில் அறுந்துபோவது

பழைய கம்பெனியின் குரூப் பாலிசி கடைசி வேலை நாளோடு முடியும். புதியது சேர்ந்த பிறகுதான் தொடங்கும். இடையில் இருபது நாள் ஓய்வெடுக்கலாம் என்று நினைப்பவர், சிகிச்சையில் இருப்பவர் என்றால், அந்த இருபது நாள் யார் பொறுப்பு? குரூப் பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வசதி உண்டு. ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலமும் (பழைய நோய்க்குப் பணம் தராத ஆரம்ப காலம்) அதில் கணக்காகும். அதைக் கேட்டு வாங்க வேண்டியது வேலையில் இருக்கும்போதே. வெளியே வந்து புதிதாகத் தனி பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருப்பு போடலாம். 2024-க்கு முன்பு அது நாலு வருஷமாக இருந்தது. புது கம்பெனி எச்.ஆரிடம், “குரூப் பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்கள் முதல் நாளிலிருந்து கவர் ஆகுமா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். இதை எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பதால் உங்கள் நோய் தெரிந்துவிடாது.

எவ்வளவு சொல்வது?

இங்கே இரண்டு விதமாகவும் சொதப்புகிறார்கள். மூடி மறைப்பது ஒன்று. கொட்டித் தீர்ப்பது இன்னொன்று. வீடியோ இன்டர்வியூவில் எம்.ஆர்.ஐ. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டியவர் ஒருவர் உண்டு. எங்கள் டெக்னிக்கல் ஆள் பாவம், “ஓகே சார், ஓகே சார்” என்றே பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார்.

“ஒரு சிகிச்சைக்காக மார்ச்சிலிருந்து மருத்துவ விடுப்பில் இருக்கிறேன். சிகிச்சை முடிந்துவிட்டது. ஜூலை 15-லிருந்து வேலைக்கு வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.” இது போதும். நோயின் பெயரை இன்டர்வியூவில் நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டாலும், “வேலையைப் பாதிக்காது, ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் தருகிறேன்” என்று நிறுத்திக்கொள்ளலாம். வேலைக்கான நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் சேரும்போது மருத்துவ அறிவிப்புப் படிவம் ஒன்று தருவார்கள். அதில் ‘அறுவை சிகிச்சை நடந்ததா’ என்று இருந்தால் ‘இல்லை’ என்று டிக் அடிக்காதீர்கள். வாயால் சொல்லாமல் விட்டதை யாரும் பிடித்துத் தொங்க மாட்டார்கள். கையெழுத்துப் போட்ட பொய்யை வைத்து வேலையை விட்டு எடுக்கலாம்.

வேலைவாய்ப்புத் தளங்களில் புரொஃபைலைப் புதுப்பிக்கும் முன் உங்கள் கம்பெனியை மறைக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். நௌக்ரியில் இருக்கிறது. லிங்க்ட்இன்னில் ‘ரெக்ரூட்டர்களுக்கு மட்டும்’ என்று வைத்தாலும் நூறு சதவீதம் மறையும் என்று அந்த நிறுவனமே உறுதி தருவதில்லை. வேலை தேடுகிறேன் என்று போட்டோவைச் சுற்றி எல்லோருக்கும் காட்டும் பச்சை வளையம் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, சேரும் தேதி. வேலை கிடைத்த சந்தோஷத்தில் “திங்கட்கிழமையே வரேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். ராடு வைத்த அந்தப் பையனும் அப்படித்தான் சொன்னான். எலும்பு டாக்டர் என்ன தேதி சொன்னார் என்று கேட்டேன். இன்னும் ஐந்து வாரம் ஊன்றுகோல் என்றான். ஆஃபரில் ஆறு வாரம் தள்ளித் தேதி போட்டுக் கொடுத்தோம். வந்து சேர்ந்தான். இப்போது லிஃப்ட் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.