எல்லைகள் கடந்துபோன ஊர்: பெரெஹோவேயை நடந்து படிப்பது எப்படி

உக்ரைனின் தென்மேற்கு மூலையில், ஸகர்பாத்தியா மாகாணத்தில், ஹங்கேரிய எல்லையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பெரெஹோவே. 2001ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அங்கே சுமார் 26,500 பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஹங்கேரியர்கள். மலைமேல் நிற்கும் கோட்டையைப் பார்க்க விரும்புகிறவருக்குப் பக்கத்து நகரமான முகாச்செவோதான் பொருத்தமான இடம். பெரெஹோவேயில் அப்படிப்பட்ட காட்சி எதுவும் இல்லை. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, 20ஆம் நூற்றாண்டில் மட்டும் ஆஸ்திரியா-ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, மீண்டும் ஹங்கேரி, சோவியத் ஒன்றியம், உக்ரைன் என்று ஆட்சிகள் அதன்மேல் மாறி மாறி வந்து போயின. ஆகவே இங்கே ஒரு கட்டடத்தின் முன் நிற்கும்போது, இதைக் கட்டியவர் யார், பிறகு இது யார் கைக்குப் போனது, இன்று இங்கே இல்லாதவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாமல் வருபவருக்கு இது அரை மணி நேரத்தில் பார்த்து முடிக்கும் சாதாரணச் சிற்றூராகவே தோன்றும்.

முதல் வேலையைப் புறப்படும் முன்பே செய்துவிடலாம்: ஊரின் எல்லாப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உக்ரைனிய மொழியில் பெரெஹோவே. ரஷ்ய மொழியில் பெரெகோவோ. செக்கோஸ்லோவாக்கியர் காலத்தில் பெரெஹோவோ. ஹங்கேரிய மொழியில் பெரெக்ஸாஸ். பழைய நிலப்படங்களிலும் நினைவுக் குறிப்புகளிலும் ஒரே ஊர் இத்தனை பெயர்களில் வருவதால், ஒன்றை மட்டும் வைத்துத் தேடுபவருக்கு வரலாற்றின் ஒரு துண்டுதான் கிடைக்கும். பெயருக்குள்ளேயே ஒரு தடயமும் இருக்கிறது. ஹங்கேரியப் பெயரின் கடைசிப் பகுதியான 'ஸாஸ்' என்பது சாக்சன் மக்களைக் குறிக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் பேலா மன்னரின் மகனான இளவரசர் லாம்பெர்ட்டின் பெயரோடு தொடர்புடைய இந்தக் குடியிருப்பு, 1241இன் மங்கோலியப் படையெடுப்பில் அழிந்தபின் ஜெர்மானிய மொழி பேசும் குடியேறிகளால் மீண்டும் எழுந்தது. 1247இல் நான்காம் பேலா மன்னர் இதற்கு நகர உரிமைகளை வழங்கினார். சாக்சன்கள் காலப்போக்கில் சுற்றியிருந்தவர்களோடு கலந்து மறைந்தார்கள். ஊரின் பெயரில் மட்டும் தங்கிவிட்டார்கள்.

இரண்டாவதாக, ஐந்து தேதிகளை மனத்தில் இருத்திக்கொண்டால் பார்ப்பவை பெரும்பாலும் தாமாகவே புரியும். முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியோடு செய்யப்பட்ட 1920இன் திரியானோன் உடன்படிக்கை இந்தப் பகுதி செக்கோஸ்லோவாக்கியாவுக்குச் சேர்ந்தது என்று உறுதி செய்தது. 1938 நவம்பர் 2ஆம் நாள் ஜெர்மனியும் இத்தாலியும் அளித்த வியன்னா தீர்ப்பு ஊரை ஹங்கேரிக்குத் திருப்பிக் கொடுத்தது. 1944 அக்டோபரில் சோவியத் படையான செஞ்சேனை வந்தது. 1945 ஜூன் 29இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் வழியே இப்பகுதி சோவியத் உக்ரைனோடு இணைக்கப்பட்டது. 1991இல் உக்ரைன் தனி நாடானது. அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் விடுதலைக்கான வாக்கெடுப்போடு சேர்த்து, இந்த வட்டாரத்தை ஹங்கேரியத் தன்னாட்சி வட்டாரமாக்கலாமா என்ற கேள்வியும் மக்கள் முன் வைக்கப்பட்டது. ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஆம் என்று வாக்களித்தும் அது நடைமுறைக்கு வரவில்லை.

நடையை ரயில் நிலையத்தில் தொடங்குவது நல்லது. அங்கே கட்டடத்தைவிடத் தண்டவாளத்துக்குத்தான் முதல் கவனம் கொடுக்க வேண்டும். சோவியத் ஒன்றியம் பயன்படுத்திய 1520 மில்லிமீட்டர் அகலப் பாதையும், மேற்கே ஹங்கேரி முதலான நாடுகள் பயன்படுத்தும் 1435 மில்லிமீட்டர் பாதையும் இந்த வழித்தடத்தில் ஒன்றாக ஓடுகின்றன. 1908இல் தொடங்கிய போர்ஜாவா என்ற குறுகிய அகல ரயில் பாதையும் இந்த ஊரிலிருந்துதான் புறப்பட்டது. எந்த அரசு எந்தத் திசையை நோக்கியிருந்தது என்பதை நூல்களைவிட இந்த இரும்புக் கோடுகள் எளிதாகச் சொல்லிவிடுகின்றன. ஆனால் அவற்றைப் படம் எடுக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அங்கிருந்து ஊரின் நடுவே செல்லும் வேர்கே கால்வாயை நோக்கி நடந்தால் மையச் சதுக்கத்தை அடையலாம். ரோமன் கத்தோலிக்கத் தேவாலயம் இடைக்காலத்தில் பிறந்த கோதிக் கட்டடம் என்றாலும், இன்று நாம் காண்பது அதன் முதல் உருவம் அன்று. 1657இல், ஹங்கேரிக்குக் கிழக்கே இருந்த சிற்றரசான டிரான்சில்வேனியாவின் இளவரசருடைய போலந்துப் படையெடுப்புக்குப் பழிவாங்க லுபோமிர்ஸ்கியின் போலந்துப் படை வந்து ஊரைக் கொளுத்தியபோது தேவாலயமும் அழிந்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் அது முழுமையாக மீட்கப்பட்டது. எனவே எல்லாச் சுவர்களையும் ஒரே காலத்தவை என்று எண்ணிவிடாமல், பழைய கல்லும் பிற்காலப் பணியும் சேரும் இடங்களைத் தேடிப் பாருங்கள்.

அருகிலுள்ள கோமகன் மாளிகையை 1629இல் கட்டியவர் டிரான்சில்வேனிய இளவரசர் காபோர் பெத்லென். பிறகு அது ராகோட்ஸி குடும்பத்தின் கைக்கு வந்தது. 1703 மே மாதம், ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்ப ஆட்சிக்கு எதிராக இரண்டாம் ஃபெரென்ஸ் ராகோட்ஸி அனுப்பிய கொடிகளை, பெரெக்ஸாஸ் சந்தையில் தமாஷ் எஸ்ஸேயும் அவருடைய தோழர்களும் உயர்த்தினார்கள். எட்டாண்டு நீடித்த விடுதலைப் போர் அப்படித்தான் தொடங்கியது. போர் தோற்றபின் ராகோட்ஸியின் நிலங்கள் பறிக்கப்பட்டு, 1728இல் ஷோன்போர்ன் என்ற ஜெர்மானியப் பிரபுக் குடும்பத்துக்குப் போயின. மாளிகையில் இப்போது வட்டார அருங்காட்சியகம் இயங்குகிறது. ஊர் சுற்றுவதற்கு முன்பே இதற்குள் போய்விட வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் பின்னர் வெளியே காணும் பல பெயர்களுக்கு இங்கேதான் முகம் கிடைக்கும். ஹங்கேரியக் கவிஞர் ஷாண்டோர் பெட்டோஃபி 1847இல் 'சிங்கம்' என்று பொருள்படும் ஓரோஸ்லான் விடுதியில் தங்கியதையும் ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். கவிதையில் ஈடுபாடு இல்லாதவர் அதைக் கடந்து போய்விடலாம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரெக் மாவட்டத்தின் தலைநகரம் இதுதான். அந்தத் தகுதியின் மிடுக்கை 1909இல் முடிந்த நீதிமன்ற மாளிகையில் காணலாம். இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய நீதிமன்றமா என்று வியப்பு வருவது இயல்பு. மாவட்டம் போய்விட்டது, கட்டடம் நிற்கிறது; ராகோட்ஸியின் பெயர் தாங்கிய ஹங்கேரிய மொழி உயர்கல்வி நிறுவனம் இப்போது அதில் செயல்படுகிறது.

இனி நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடத்துக்கு வருவோம். மையச் சதுக்கத்தில் சோவியத் பாணியில் கான்கிரீட் பெட்டி போன்ற ஒரு பண்பாட்டு மன்றம் இருக்கிறது. உண்மையில் அது பெரிய யூதத் தொழுகைக்கூடம்; சோவியத் ஆட்சியில் பழைய கட்டடத்தின்மேல் கான்கிரீட் உறை போர்த்தி மன்றமாக மாற்றினார்கள். பிற்காலத்தில் அதன் பழைய முகப்பின் படத்தைப் பெரிய திரைச்சீலையில் அச்சிட்டு அந்தக் கான்கிரீட்டின் மேலேயே தொங்கவிட்டார்கள். மறைத்த சுவரின்மேலேயே மறைக்கப்பட்டதன் படத்தைத் தொங்கவிட்ட அந்தச் செயலை எண்ணிப் பார்க்காமல் அந்த இடத்தைக் கடந்துவிடாதீர்கள்.

1941இல் ஊரில் பத்தில் மூன்று பேர் யூதர்கள். 1944 வசந்தத்தில் ஜெர்மனி ஹங்கேரியை ஆக்கிரமித்த பிறகு, பெரெக்ஸாஸ் யூதர்களையும் சுற்றுக் கிராமங்களின் யூதர்களையும் ஹங்கேரிய அதிகாரிகள் ஊரிலிருந்த செங்கல் சூளை வளாகங்களில் அடைத்து, மே மாதத்தில் ரயில் பெட்டிகளில் ஏற்றி நாஜிகளின் கொலைமுகாமான ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். ஆஷ்விட்ஸ் முகாமுக்கு வந்திறங்கிய மக்களைக் காட்டும் ஏறத்தாழ 200 படங்கள் கொண்ட புகழ்பெற்ற தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் காணப்படுபவர்களில் பலர் இந்தச் சூளைகளிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். இங்கே அடைக்கப்பட்டிருந்த பில்கே கிராமத்துப் பெண்ணான லிலி யாக்கோப், 1945இல் விடுதலையான நாள்களில் ஜெர்மனியிலிருந்த டோரா வதைமுகாமில் தற்செயலாக அந்தத் தொகுப்பைக் கண்டெடுத்தார். தம் குடும்பத்தாரின் முகங்களையும் அதில் கண்டார். 1980இல் அவர் அதை ஜெருசலேமிலுள்ள யாத் வாஷெம் நினைவகத்துக்குக் கொடுத்தார். அந்தப் படங்களை ஊருக்கு வருமுன் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன். சதுக்கத்தில் நின்று செல்பேசியில் புரட்டத்தக்கவை அல்ல அவை.

1944 நவம்பரில், செஞ்சேனை வந்தபின், அடுத்த அடி விழுந்தது. 18 முதல் 50 வயது வரையுள்ள ஹங்கேரிய, ஜெர்மானிய ஆண்களை 'மூன்று நாள் சிறு வேலை' என்று சொல்லிச் சோவியத் படையினர் அழைத்துச் சென்றார்கள், பலர் திரும்பவில்லை. அவர்களுக்கான முக்கிய நினைவிடம் ஸ்வல்யாவா என்ற ஊரில் இருப்பதால், கூடுதலாக ஒரு நாள் உள்ளவர் அங்கே போய்வரலாம். ஊரில் யாருடைய துயரம் எங்கே நினைவுச் சின்னமாகியிருக்கிறது, யாருடையது கான்கிரீட்டுக்குள் போனது என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதும் இந்த ஊரைப் படிக்கும் வழிகளில் ஒன்றுதான்.

பயண ஏற்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது; நாடு முழுவதும் இராணுவச் சட்டம் நடப்பில் உள்ளது. முன்னரங்கிலிருந்து வெகுதூரம் என்பதற்காக ஸகர்பாத்தியாவை முற்றிலும் பாதுகாப்பானது என்று கருத வேண்டாம். 2025 ஆகஸ்டில் முகாச்செவோவிலேயே ஏவுகணை விழுந்தது. ஆகவே போர்க்காலத்தில் இந்த வழிகாட்டியைப் படத்தோடும் நிலப்படத்தோடும் வீட்டில் இருந்தபடி பயன்படுத்துவதே பெரும்பாலானோருக்கு அறிவுடைமை. போகத்தான் வேண்டும் என்பவர், ஹங்கேரி, ஒரே நுழைவு அனுமதியில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் பகுதியிலும் உக்ரைன் அதற்கு வெளியிலும் இருப்பதால் இரண்டுக்குமான நுழைவு அனுமதிகளைத் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். லுஷாங்கா எல்லைச் சாவடி வழியாக வருவது ஊருக்கு மிக அருகான பாதை. ஊரடங்கு நேரத்தை அங்கே இறங்கியதும் கேட்டறிய வேண்டும். ரயில் பாதை, பாலம், சோதனைச் சாவடி, படையினர் ஆகியவற்றைப் படம் எடுப்பது கடுமையான சிக்கலில் கொண்டுபோய் விடும்.

கடைசியாக, கடிகாரம். அலுவலகங்களும் ரயில்களும் கீவ் நேரத்தின்படி இயங்குகின்றன. ஹங்கேரியக் குடும்பங்களில் பலர் ஒரு மணி நேரம் பின்தங்கிய புடாபெஸ்ட் நேரத்தை 'உள்ளூர் நேரம்' என்று சொல்லி அதன்படி வாழ்கிறார்கள். யாராவது பத்து மணிக்கு வாருங்கள் என்றால், எந்தப் பத்து என்று கேட்டுவிடுங்கள். கேட்பதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்காதவர்தான் முகாச்செவோ பேருந்தைத் தவறவிட்டுவிட்டு நிறுத்தத்தில் நிற்பார்.