இரண்டு வரிக் கணக்கில் வாடகை வீடு வாங்காதீர்கள்

போன மாதம் ஒருவர் தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். வாடகைக்கு விடுவதற்காக முதல் வீட்டை வாங்கப்போகிறார். மேலே வரப்போகும் வாடகை, கீழே வங்கித் தவணை. கழித்து வந்த மிச்சத்தைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் முதல் வீட்டுக்கு நான் எழுதியதும் இதே இரண்டு வரிதான்.

பத்திரத்தைச் சரிபாருங்கள், குடிவருபவரை விசாரியுங்கள் என்பதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிடுகிறேன். முதல் வீடு வாங்குபவர்கள் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று நம்புவது

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். வருடத்தில் ஒரே ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் வருட வாடகையில் 8.3 சதவீதம் போச்சு. பழுது, வரி, காப்பீடு, ஆள் பிடித்துத் தருபவருக்கான கூலி எல்லாம் அதற்கு மேல்.

என் வீட்டில் முதலில் குடியிருந்தவர்கள் பதினான்காவது மாதம் வேலை மாற்றலில் கிளம்பினார்கள். ஒரு வாரத்தில் அடுத்தவர் வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர்களுடைய அலமாரியை நகர்த்தியபோதுதான் பின்னால் சுவர் ஓதம் ஏறி உப்பியிருந்தது தெரிந்தது. விரலை வைத்தேன், பூச்சு மாவாக உதிர்ந்தது. அடுத்த பக்கம் குளியலறை. தரையை உடைத்து, குழாயை மாற்றி, திரும்பப் பூசி முடித்தோம். ஈரம் காயாமல் வண்ணம் அடிக்கக் கூடாது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். காயவே மூன்று வாரம் ஆனது. மொத்தம் இரண்டரை மாதம் வாடகை இல்லை. தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் வந்து நின்றது. கிரெடிட் கார்டில் கடன் எடுத்துக் கட்டினேன். அந்தக் கடனை அடைக்க ஒன்றரை வருடம் ஆனது.

அப்புறம் வட்டி. மாறும் வட்டியில் கடன் வாங்குபவர்கள் இதை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். 20 வருடக் கடன், 9 சதவீத வட்டி என்றால், ஒவ்வொரு 1,00,000-க்கும் மாதத் தவணை சுமார் 900. முதல் மாதம் அதில் 750 வட்டிக்கே போகிறது, அசலில் குறைவது 150தான். முதல் சில மாதங்களுக்குள் வட்டி 11 சதவீதமாக ஏறினால் மாத வட்டி மட்டுமே 900-ஐத் தாண்டிவிடும். தவணையை உயர்த்தாமல் பழையதையே கட்டிக்கொண்டிருந்தால் கடன் குறையாது, வளரும்.

சரி, எப்படித்தான் கணக்குப் போடுவது? அமெரிக்காவில் வங்கிகள் கொடுத்த வீட்டுக் கடன்களை அவற்றிடமிருந்து விலைக்கு வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி, மொத்த வாடகையில் 75 சதவீதத்தைத்தான் வருமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். மீதி 25 காலி நாட்களுக்கும் பராமரிப்புக்கும் போய்விடும் என்று வைத்துக்கொள்கிறார்கள். எந்த ஊரில் வீடு வாங்கினாலும் இந்த 75 சதவீதக் கணக்கிலிருந்தே தொடங்குங்கள். அந்த 75-லிருந்து வரியையும் காப்பீட்டையும் கழியுங்கள். பிறகு தவணையைக் கழியுங்கள், அதுவும் இன்றைய வட்டிக்கு அல்ல, 2 சதவீதம் கூடுதலான வட்டிக்கு. மிச்சம் வராவிட்டால் கடனைக் குறைத்து, வீட்டுக்குப் போடும் கைப்பணத்தைக் கூட்டுங்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். இதோடு ஆறு மாதத் தவணையைக் கையெழுத்துப் போடும் முன்பே தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும்.

"வீட்டு விலை ஏறத்தானே போகிறது, பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். ஏறட்டும். ஏறிய விலை வீட்டை விற்கும்போதுதான் கைக்கு வரும். ஐந்தாம் தேதிக்கு அது உதவாது.

முன்பணத்தைச் செலவழிப்பது

அது குடியிருப்பவரின் பணம். தொடாதீர்கள்.

நல்ல குடித்தனக்காரரைச் சின்ன விஷயத்துக்கு இழப்பது

ஒழுகும் குழாயைப் பற்றி மூன்று முறை சொல்லியும் வீட்டுக்காரர் வரவில்லை என்பதற்காகவே காலி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாடகையை 5 சதவீதம் உயர்த்தி, அதனால் அவர் போய், வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால், புது வாடகை அந்த நஷ்டத்தை ஈடுகட்ட 20 மாதம் ஆகும். வண்ணம் அடிக்கும் செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை. உயர்த்தவே கூடாது என்று சொல்லவில்லை. ஒழுங்காக வாடகை கொடுத்து வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவரிடம் முன்கூட்டியே பேசி, அவரால் முடிகிற அளவுக்கு உயர்த்துங்கள்.

வாய்ப்பேச்சில் விடுவது

குடிவரும் நாளிலேயே ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். வருபவர் தெரிந்தவர் என்றால் கட்டாயம் செய்யுங்கள்.

முதல் வீட்டை அடமானம் வைத்து இரண்டாவது வாங்குவது

முதல் வீடு நன்றாக ஓடும்போது வங்கியே கூப்பிட்டுக் கொடுக்கும். ஆனால் இரண்டாவது வீட்டில் ஆள் இல்லாமல் தவணை தவறினால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த முதல் வீடும் சேர்ந்து சிக்கும். முதல் வீட்டில் குறைந்தது ஒருமுறையாவது ஒருவர் காலி செய்து அடுத்தவர் வரட்டும். அந்த இடைவெளியைக் கைக்காசில் தாண்டிய பிறகு இரண்டாவதை யோசியுங்கள்.

தாளைக் கொண்டுவந்தவரோடு உட்கார்ந்து அன்றைக்கே மறுபடி கணக்குப் போட்டோம். இரண்டு வரி ஒன்பது வரியானது. கடைசி வரியில் கழித்தல் குறி வந்தது. வட்டத்தை அடித்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இப்போது விற்பவரிடம் விலை பேசிக்கொண்டிருக்கிறார். குறையாவிட்டால் வேறு வீடு பார்ப்பாராம்.