47 நிமிட ரெக்கார்டிங்கை எழுத்தாக மாற்றுவது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்து, அவர் இளவயதில் பயிரிட்ட நெல் ரகங்களைப் பற்றிப் பேசச் சொல்லிப் போனில் வீடியோ எடுத்தேன். 47 நிமிடம். குடவாழை, கருங்குறுவை, காட்டுயானம் என்று பேர் பேராகச் சொல்லிக்கொண்டே போனார். வீடு திரும்பிய பிறகுதான் ஒன்று உறைத்தது. காட்டுயானம் எத்தனை நாள் பயிர் என்று தெரிய வேண்டுமானால், அவர் அதைச் சொல்லும் இடம் வரும்வரை வீடியோவை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். எழுத்தாக இருந்தால் தேடலாம், திருத்தலாம், அச்சடித்து வீட்டுக்கு ஒரு படி கொடுக்கலாம்.

முன்பெல்லாம் கேட்டுக் கேட்டு டைப் அடிப்பது ஒன்றுதான் வழி. பழகிய கைக்கே 1 மணி நேரப் பேச்சுக்கு 4 மணி நேரம் பிடிக்கும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு. இப்போது முதல் வரைவைக் கணினியே போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஆனால் தமிழுக்கு அது வரைவு மட்டும்தான். அதற்குப் பிறகு நாம் எடுக்க வேண்டிய முடிவுகள் சில இருக்கின்றன. நான் பார்த்த விளக்க வீடியோக்கள் எதிலும் அதைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதால் இந்தப் பதிவில் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: ஃபைலைத் தயார் செய்யுங்கள்

முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூல ஃபைலில் கை வைக்கவே கூடாது. அப்புறம் முதல் ஐந்து நிமிடத்தை இயர்போனில் கேளுங்கள். உங்கள் காதுக்கே புரியாதது கணினிக்கும் புரியாது.

என்னுடைய வீடியோவில் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எடுக்கும்போது அது தெரியவே இல்லை, கேட்கும்போது அது மட்டும்தான் தெரிந்தது. இந்த மாதிரி சீரான இரைச்சலை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் குறைக்கலாம். பேச்சு இல்லாமல் இரைச்சல் மட்டும் இருக்கும் ஓரிரு விநாடியைத் தேர்ந்தெடுத்து, 'எஃபெக்ட்' மெனுவில் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' போய், 'கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்' கொடுங்கள். பிறகு முழு ஆடியோவையும் தேர்ந்தெடுத்து அதே கருவியை ஓட்டுங்கள். லேசாகப் போதும். அதிகம் வைத்தால் ஆள் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல ஆகிவிடும், எழுத்தும் முன்பைவிட மோசமாகவே வரும். வீடியோவிலிருந்து ஆடியோவை மட்டும் பிரிக்க விஎல்சி பிளேயரில் 'மீடியா', 'கன்வர்ட் / சேவ்' போய் எம்பி3 வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அடுத்த முறை பதிவு செய்யும்போது ஃபேனை நிறுத்திவிட்டு, போனைப் பேசுபவரின் நெஞ்சருகே வையுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

படி 2: கணினியிடம் கொடுங்கள்

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் விஸ்பர் என்ற பேச்சறியும் மாடலை இலவசமாகத் திறந்துவிட்டது. 6,80,000 மணி நேர ஆடியோவைக் கேட்டுப் பழகிய மாடல் அது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம், மீதியைத் தமிழ் உட்பட 96 மொழிகள் பங்கு போட்டுக்கொண்டன. ஆங்கிலத்துக்கு அது காட்டும் கெட்டிக்காரத்தனத்தைத் தமிழுக்கு அப்படியே எதிர்பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

விஸ்பரைக் கட்டளை தட்டி ஓட்டுவது புதிதாக வருபவர்களுக்குத் தலைவலி. விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள். நிறுவித் திறந்ததும் 'வீடியோ' மெனுவில் 'ஆடியோ டு டெக்ஸ்ட்', பக்கத்தில் விஸ்பர் என்று இருக்கும். முதல் தடவை துணை ஃபைல்கள் சிலவற்றை இறக்கச் சொல்லிக் கேட்கும், சரி என்று சொல்லிவிடுங்கள். திறக்கும் பெட்டியில் மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

மொழியைத் தமிழ் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். தானாகக் கண்டுபிடிக்க விட்டால் விஸ்பர் முதல் 30 விநாடியை மட்டும் கேட்டு முடிவு கட்டும். அந்த நேரத்தில் யாராவது 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் போச்சு.

அடுத்தது மாடலின் அளவு. டைனி 75 எம்பிதான், ஸ்மால் 500 எம்பிக்குள் அடங்கும், மீடியம் ஒன்றரை ஜிபி, லார்ஜ் 3 ஜிபியைத் தொடும். தமிழுக்கு ஸ்மாலும் அதற்குக் கீழே உள்ளவையும் வேண்டாம். மீடியமாவது வேண்டும், முடிந்தால் லார்ஜ். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் லார்ஜ் ஆமை வேகத்தில்தான் நகரும். நான் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

கடைசியாக, ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பெரியப்பா ஆங்கிலத்தில் பேசியிருப்பார்.

வேலை முழுக்க உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது, ஆடியோ எங்கும் போவதில்லை. வீட்டு விஷயம், வழக்கு விஷயம், நோயாளியின் பேச்சு போன்றவற்றை இணையத்தில் ஏற்றும் இலவசச் சேவைகளிடம் கொடுக்க எனக்கு மனம் வராது.

இதற்கெல்லாம் கணினி தாங்காது என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கூகுள் டாக்ஸில் 'டூல்ஸ்', 'வாய்ஸ் டைப்பிங்' போய்த் தமிழைத் தேர்ந்தெடுங்கள். போனில் என்றால் ஜிபோர்டு விசைப்பலகையின் மைக்கே போதும். ரெக்கார்டிங்கை ஸ்பீக்கரில் ஓடவிட்டு மைக்கிடம் காட்டாதீர்கள், பாதி விழாது. இயர்போனில் ஒரு வாக்கியம் கேளுங்கள், நிறுத்துங்கள், அதையே உங்கள் குரலில் நிதானமாகத் திருப்பிச் சொல்லுங்கள். டிவி நேரலைக்கு வசனவரி போட இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் பிறகு நாம்தான் போட வேண்டும். பத்து நிமிடப் பேச்சுக்கு இந்த வழி தாராளம், 47 நிமிடம் என்றால் தொண்டை போய்விடும்.

படி 3: திருத்துவதற்கு முன் ஒரு முடிவு

பெரியப்பா ஓரிடத்தில் சொல்கிறார்: "அப்பல்லாம் ஒரம் ஏது, எருதான் அடிச்சோம்." இதை எப்படி எழுதுவது? காதில் விழுந்தபடியே எழுதலாம். 'ஒரம்' என்பதை மட்டும் 'உரம்' ஆக்கிவிட்டு மற்றதை விட்டுவிடலாம். 'அப்போதெல்லாம் உரம் ஏது? எருதான் அடித்தோம்' என்று முழு எழுத்துத் தமிழுக்கும் கொண்டுபோகலாம்.

கணினி இந்த மூன்றையும் கலந்து கட்டி அடிக்கும். ஒரு வரியில் 'அடிச்சோம்', அடுத்த வரியில் 'அடித்தோம்'. பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு வேறாக இருப்பதால் வரும் சிக்கல் இது. இதை எந்த மாடலும் நமக்காக முடிவு செய்யாது. சொற்பொழிவு, கூட்ட நடவடிக்கை, பாடம் என்றால் எழுத்துத் தமிழுக்கு மாற்றிவிடுங்கள், படிப்பவருக்கு வேண்டியது விஷயம்தான். பெரியவர்களின் நினைவுகள், நேர்காணல் என்றால் பேச்சை விட்டுவைப்பேன். ஆனால் 'அப்பல்லாம்', 'அப்பெல்லாம்' இரண்டில் எது என்பது போன்றவற்றை ஒரு தாளில் குறித்து வைத்து, கடைசிவரை அதன்படியே எழுத வேண்டும். இல்லையென்றால் பிறகு ஒரு சொல்லைத் தேடும்போது பாதி இடம்தான் கிடைக்கும்.

வட்டாரச் சொற்களை மட்டும் எந்த நிலையிலும் மாற்றாதீர்கள். 'எரு அடித்தோம்' என்றால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வயலில் கொட்டினோம் என்று பொருள். நகரத்துக்காரர் ஒருவர் திருத்த உட்கார்ந்தால் அதை 'எரு இட்டோம்' ஆக்கி, வண்டியையும் மாட்டையும் காணாமல் போகச் செய்துவிடுவார்.

படி 4: கேட்டுக்கொண்டே திருத்துவது

திருத்த ஓட்ரான்ஸ்கிரைப் என்ற இலவச இணையப் பக்கம் வசதியானது. ஒரே திரையில் மேலே ஆடியோ, கீழே எழுத்து. சப்டைட்டில் எடிட்டிலிருந்து எழுத்தை மட்டும் டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்து இங்கே ஒட்டிக்கொள்ளுங்கள். எஸ்கேப் விசையைத் தட்டினால் ஆடியோ நிற்கும், மறுபடி தட்டினால் ஓடும். எஃப்1 பின்னால் போகும், எஃப்3 வேகத்தைக் குறைக்கும். கன்ட்ரோலும் ஜேயும் சேர்த்து அழுத்தினால் அந்த இடத்தின் நேரம் எழுத்தில் பதிவாகும். எழுத்து உங்கள் உலாவியில் மட்டுமே சேமிக்கப்படுகிறது என்பதால், எழும்போதெல்லாம் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன தப்பு வரும்? முதலில் ல, ள, ழ. 'களை எடுத்தோம்' என்பது 'கலை எடுத்தோம்' ஆகி நிற்கும். அதைப் பார்த்ததும் 'ரீப்ளேஸ் ஆல்' போடக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். 'கூட்டம் கலைந்தது' என்று எங்கோ இருப்பது 'களைந்தது' ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே நல்லது.

பெயர்களும் எண்களும் அடுத்த கண்டம். ஊர்ப் பெயர், ஆள் பெயர், நெல் பெயர் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். 'குடவாழை' என்பது 'குடை வாழை' என்று உடைந்து வந்தால், பட்டியல் இல்லாதவர் அதைத் தோட்டப் பயிர் என்றே நினைப்பார். 'முக்கா மா', 'ரெண்டு கலம்' போன்ற அளவுகளை மறுபடி கேட்காமல் நம்பாதீர்கள்.

பேச்சே இல்லாத இடங்களிலும் ஒரு கண் வேண்டும். பேசுபவர் தண்ணீர் குடிக்க எழுந்து போன இடத்தில் விஸ்பர் மாதிரியான மாடல்கள் சும்மா இருக்காது. யாரும் சொல்லாத 'நன்றி' ஒன்றைப் போடும், அல்லது முந்தைய வரியையே பத்துத் தடவை எழுதும். அதையெல்லாம் அப்படியே வெட்டிவிடலாம். இரண்டு பேர் பேசினால் யார் எதைச் சொன்னார் என்றும் விஸ்பர் பிரித்துக் காட்டாது, பெயர்களை நீங்கள்தான் போட வேண்டும். எவ்வளவு கேட்டும் புரியாத சொல்லை ஊகித்து எழுதாமல், 'தெளிவில்லை' என்று நேரத்தோடு குறித்துவிட்டு நகருங்கள்.

முடித்ததும் ஆடியோவை நிறுத்திவிட்டு எழுத்தை மட்டும் ஒருமுறை படியுங்கள். கேட்கும்போது கண் தாண்டிப்போன பிழைகள் அப்போதுதான் தட்டுப்படும்.

படி 5: சேமிப்பது

படிக்க மட்டும் என்றால் வேர்டு அல்லது டெக்ஸ்ட் ஃபைல் போதும். டெக்ஸ்ட் என்றால் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் சேமியுங்கள், இல்லையென்றால் வேறு கணினியில் கேள்விக்குறிகளாகத் தெரியும். வீடியோவுக்குக் கீழே வரிகளாக ஓட வேண்டுமென்றால் எஸ்ஆர்டி ஃபைல் வேண்டும். சப்டைட்டில் எடிட் நேரக் குறிப்போடு அதைத்தான் உருவாக்குகிறது, திருத்தத்தை அங்கேயே வரிவரியாகச் செய்துவிடலாம். ஆடியோவையும் எழுத்தையும் ஒரே பெயரில், தேதியோடு, ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

அப்புறம், முடிந்தால் பேசியவரிடமே படித்துக் காட்டுங்கள். என்னுடைய பிரதியில் 31ஆவது நிமிடத்தில் கணினி 'ஒட்டடையான்' என்று எழுதியிருந்தது. அதுவரை நூறு பிழை திருத்திய தெம்பில் அதையும் பிழை என்று முடிவு செய்து, பத்தாயத்தை ஒட்டடை அடித்த கதையாக மாற்றி வைத்திருந்தேன். பெரியப்பா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "ஒட்டடை இல்லடா, ஒட்டடையான். தண்ணி நிக்கிற பள்ளக்கால்ல போடுற நெல்லு."