தெர்மாகோலில் ஒரு ஸ்பீக்கர்

யாங்கோனில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, அதனால் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு, இரண்டடி தெர்மாகோல் பலகையில் ஒரு எக்ஸைட்டரை ஒட்டினேன் (காந்தமும் கம்பிச் சுருளும் உண்டு, கூம்பு கிடையாது, ஒட்டிய பலகைதான் அதிர்ந்து பாடும்). "மீன் பெட்டி மூடியை ஏன்டா வீட்டுக்குள்ள மாட்டுற?" என்றார் அம்மா. நட்டநடுவில் ஒட்டியதுதான் தப்பு. சில சுரங்கள் எகிறின, சில காணோம். பிய்த்தால் வெள்ளை மணிகளும் கூடவே வந்துவிட்டன! அப்புறம் புதுப் பலகையில், நீளத்திலும் அகலத்திலும் ஓரத்திலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு தள்ளி ஒட்டி, முகப்பில் தண்ணீர் கலந்த, மரம் ஒட்டும் பசையைப் பூசி, காய்ந்ததும் நைலான் கயிற்றில் தொங்கவிட்டேன். குரல் தெளிந்தது. தவில் அடி மட்டும் இன்னும் சோப்ளாங்கிதான், அதற்குத் தனியாக ஒரு சப்வூஃபர் வேண்டும்.