தோட்டத்துக்குப் பன்றி சுட வருகிறவர்களுக்கு

பள்ளி விடுமுறை வந்தால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்கும். ஒன்று கோலாலம்பூரிலிருந்து, இன்னொன்று சிங்கப்பூரிலிருந்து. மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவுவதற்குள் சொந்தக்காரத் தம்பி ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "மாமா, ராத்திரி பன்றி சுடப் போலாமா? உங்க கூட்டாளிகிட்டதான் லைசென்ஸ் இருக்கே."

முதல் தவறு அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. லைசென்ஸ் துப்பாக்கிக்காரருடையது, உங்களுடையது அல்ல. "ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்க்கிறேன்" என்று வாங்கிப் பிடித்தாலும் சட்டப்படி அது உங்கள் கையில் உள்ள அனுமதியில்லாத ஆயுதம். துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 14 ஆண்டு வரை சிறை, 6க்குக் குறையாத பிரம்படி. காற்றுத் துப்பாக்கியை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறவர்கள் அதிகம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் அதுவும் ஆயுதம்தான். இந்த ஊருக்கும் துப்பாக்கிக்கும் பழைய கணக்கு உண்டு. 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. அப்போது லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. எங்கள் பெரியவர்கள் இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

போலீஸ் கொடுப்பது துப்பாக்கிக்கான அனுமதி மட்டும். பன்றியைச் சுடுவதற்கு பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்குத் துறை, தனியாக உரிமம் தர வேண்டும். செம்பனை (எண்ணெய்ப் பனை) கன்றைத் தோண்டித் தின்று நாசம் செய்கிற பிராணி ஆயிற்றே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. உரிமத்தில் பன்றி என்றிருந்தால் பன்றி மட்டும்தான். கடமானையும் (இங்கே ரூசா என்போம்) கேளையாட்டையும் வேட்டையாடுவதை 2009லேயே நிறுத்திவைத்துவிட்டார்கள். புலி, தப்பிர் (குட்டித் தும்பிக்கை போன்ற மூக்குள்ள விலங்கு), அழுங்கு மூன்றும் முழுப் பாதுகாப்பில் உள்ளவை. கண்ணி வைப்பதற்கும் தடை உண்டு.

மூன்றாவது அனுமதி நிலத்துக்கானது. தோட்டத்து மேனேஜர் சரி என்று சொல்லாமல் உள்ளே போகக் கூடாது. இது வெறும் மரியாதைக்காகச் சொல்வதல்ல. அதே இரவில் வேறொரு கூட்டம் மறுபக்கத்திலிருந்து இறங்கியிருக்கலாம். அது அவருக்குத்தான் தெரியும்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். செம்பனைக் காட்டில் மட்டை ஆடினால் அது பன்றியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. என் அம்மா குலையிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குகிறவர். குத்துக்காலிட்டு, தலையில் துண்டைக் கட்டி, பக்கத்தில் சாக்கை வைத்துக்கொண்டு, மரத்தடியில் காய்ந்த மட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். முப்பது அடி தள்ளி நின்று பார்த்தால் தரையோடு தரையாக ஏதோ கறுப்பாக அசைவதுதான் தெரியும். நான் படிவம் மூன்றில் இருந்தபோது ஒருநாள் அதிகாலை, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அப்படி அசைந்ததைப் பார்த்துச் சுட்டுவிட்டார். அம்மாவுக்கு இரண்டு கை தூரத்தில் இருந்த மரத்தில் ஈயக் குண்டுகள் பாய்ந்து கிடந்தன. அன்று காலை வீட்டுக்கு வந்தவர் மத்தியானம்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை. கூட வந்த கூட்டாளியையே விலங்கு என்று நினைத்துச் சுட்டுவிட்ட செய்தியை இந்த நாட்டில் நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்.

ரப்பர் தோட்டத்திலோ பாலுக்காக மரம் சீவுகிறவர்கள் விடியுமுன்னே நெற்றி விளக்கோடு கிளம்பிவிடுவார்கள். இருட்டில் ஒரு வெளிச்சமோ மினுக்கோ தெரிந்தால் அதை விலங்கின் கண் என்று முடிவுகட்டாதீர்கள். முழு உடம்பும், தலை எது வால் எது என்பதும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாதவரை விரல் விசைக்குப் போகக் கூடாது. பெரிய குண்டுகள் பல நூறு மீட்டர் போகும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் அதைவிடக் கிட்டத்தில் இருக்கும். வாய்க்காலைத் தாண்டும்போது தோட்டாவைக் கழற்றிவிடுங்கள். கங்காணியிடம் முதல் நாள் சாயங்காலமே சொல்லிவைத்தால் மறுநாள் அந்தப் பக்கம் ஆள் விடமாட்டார்.

காயம்பட்ட பன்றியைப் புதருக்குள் துரத்திக்கொண்டு போகாதீர்கள். ஆண் பன்றியின் கோரைப்பல் தொடையைக் கிழித்துவிடும்.

ஊருக்கு மேலே மலைப்பக்கத்தில் தெமியார் என்ற பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் சட்டம் நம்மைத் தொடாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஓராங் அஸ்லி, அதாவது பூர்வகுடி, மக்கள் தங்கள் குடும்பத்தின் சாப்பாட்டுக்குச் சில விலங்குகளைப் பிடிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. கூட வந்த விருந்தாளிக்கு அது பொருந்தாது. அவர்களிடம் இறைச்சி விலைக்குக் கேட்பது அவர்களை மாட்டிவிடுகிற வேலை.

பன்றிப் பிரட்டலை நானும் விரும்பிச் சாப்பிடுகிறவன்தான். ஆனால் நெருப்பில் வாட்டி, உள்ளே சிவப்பாக இருக்கும்போதே தின்பதை விட்டுவிடுங்கள். காட்டு இறைச்சியில் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். காட்டில் பன்றி தானாகச் செத்துக் கிடந்தால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். 2021இல் சபாவில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்கு வராது. ஆனால் சப்பாத்திலும் கத்தியிலும் ஒட்டிக்கொண்டு பண்ணைவரை போய்விடும். சிங்கப்பூருக்கு இறைச்சியைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். காருக்குள் ஒரு தோட்டா உருண்டு கிடக்கிறதா என்று சோதனைச் சாவடிக்குப் போகுமுன் இருக்கைக்கு அடியிலும் பாருங்கள்.

திரும்பும் வழியில் மலாய்க்கார முஸ்லிம்கள் வாழும் கம்பத்தை (கிராமத்தை) தாண்டித்தான் வர வேண்டும். பன்றியைத் திறந்த வண்டியில் போட்டு இரத்தம் சொட்டச் சொட்டக் கொண்டுவராதீர்கள். கித்தானைப் போட்டு நன்றாக மூடுங்கள். அறுப்பதைத் தோட்டத்துக்குள்ளேயே முடித்து, குடலை ஆற்றில் வீசாமல், நாய் தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில் புதைத்துவிட்டு வாருங்கள்.