கேஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்

ஜனவரி மாதம், நுவரெலியாவுக்கு மேலே ஒரு தோட்டக் குடியிருப்பு. விடியற்காலைப் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிறது. வீட்டுக்குள்ளே பிரீசரில் கோழி இறைச்சி தண்ணீர் விட்டு நிற்கிறது. "தம்பி, வீடே ஐஸ் பெட்டி மாதிரி இருக்கிறது, ஐஸ் பெட்டிதான் வீடு மாதிரி இருக்கிறது" என்றார் அந்த வீட்டு அக்கா. முந்தைய இரண்டு ஜனவரியிலும் இதே கதை. இரண்டு முறையும் யாரோ வந்து பிரிட்ஜுக்குக் கேஸ் நிரப்பிக் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். மார்ச்சில் வெயில் ஏறியதும் பெட்டி தானாகவே சரியாகியிருக்கிறது. கேஸ்தான் வேலை செய்தது என்று அக்காவும் நம்பிவிட்டார்.

பிரிட்ஜ் திருத்த மலையேறித் திரிகிறவன் நான். "ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை" என்று கூப்பிடுகிற வீடுகளில் உண்மையாகவே கேஸ் போன வீடுகள் குறைவு. பெட்டியைக் குளிரவைக்கும் இந்தக் கேஸ் மண்ணெண்ணெய் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஓட்டை விழுந்தாலொழியக் குறையாது. ஆகவே முதல் தவறு, அந்தப் பேச்சோடு தொடங்குவதுதான்.

அக்கா வீட்டில் நடந்தது வேறு. இரண்டு கதவு வைத்த பெட்டிகள் பலவற்றில், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசர் ஒன்று, வெப்பத்தைப் பார்த்து அதைப் போட்டு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஒன்று. அந்தத் தெர்மோஸ்டாட் காவல் காப்பது பிரீசரை அல்ல, காய்கறி வைக்கும் கீழ்ப் பகுதியை. கீழே வெப்பம் ஏறினால்தான் அது கொம்பிரசரை எழுப்பும். கொழும்பில் வீட்டுக்குள் 30 பாகை இருக்கும். சூடு உள்ளே கசிந்துகொண்டே இருப்பதால் கொம்பிரசருக்கு ஓய்வில்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான். ஜனவரி இரவில் தகரம் போட்ட பின்கட்டு 8, 9 பாகைக்கு இறங்கிவிடும். கீழ்ப் பகுதிக்குச் சூடு ஏறவே மணிக்கணக்காகிறது. அதுவரை கொம்பிரசர் தூங்குகிறது. மைனஸ் 18 பாகையில் இருக்க வேண்டிய பிரீசர் மெல்ல மெல்ல இளகுகிறது.

பெட்டிக்குள்ளே ஒட்டியிருக்கும் விபரத் தாளில் இதற்கான குறிப்பே உண்டு. 'டி' (T) என்றிருந்தால் 16 முதல் 43 பாகை வரையுள்ள அறைக்குச் செய்தது. 'எஸ்டி' (ST) 16 முதல் 38 வரை, 'என்' (N) 16 முதல் 32 வரை. 'எஸ்என்' (SN) மட்டும் கீழே 10 பாகை வரை தாங்கும். வாங்கும்போது விலையையும் நிறத்தையும் பார்க்கிறோம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருப்பவர்கள் இந்த எழுத்தையும் ஒருமுறை பார்க்கலாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, தெர்மோஸ்டாட் குமிழைக் குறைப்பது. அக்கா அதை 1இல் வைத்திருந்தார். "குளிர்காலம்தானே, கரண்ட் பில்லாவது குறையட்டும்" என்றார். குமிழில் இருக்கும் எண் வெப்பநிலை அல்ல. எண் கூடக் கூடக் குளிர் கூடும். குளிர்காலத்தில் இந்த வகைப் பெட்டிக்கு எண்ணைக் கூட்ட வேண்டுமே தவிரக் குறைக்கக் கூடாது. பெட்டியைப் பின்கட்டிலிருந்து சமையலறைக்கு நகர்த்தி, குமிழை 5க்குத் திருப்பினேன். மறுநாள் சாயங்காலம் ஐஸ் கல்லாக இருந்தது. கீழே பின்பக்கம் வைத்த லீக்ஸ் சற்று உறைந்துபோகும், அதை முன்னால் தள்ளி வைத்தால் போதும். சில பெட்டிகளில் குளிர்காலச் சுவிட்ச் என்று தனியாக ஒன்று இருக்கும். அதைப் போட்டால் கீழ்ப் பகுதியில் சிறு சூடு உண்டாகி கொம்பிரசரை எழுப்பிவிடும். அதை நம் வீடுகளில் தொட்டவரே இல்லை.

"ஓடுகிறது" என்ற சொல்லிலும் பிசகு இருக்கிறது. உள்ளே விளக்கு எரிகிறது, காற்றாடிச் சத்தம் கேட்கிறது, அதனால் ஓடுகிறது என்கிறார்கள். பின்னால், அடியில் கறுப்புச் சட்டி மாதிரி இருக்கிறதே, அதுதான் கொம்பிரசர். புறங்கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். அதிர்வும் சூடும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பூனை குளிருக்கு அதன் பக்கத்தில்தான் படுக்கும். அது இடம் மாறினால் நான் எழுந்துபோய்ப் பார்ப்பேன். புதிய பெட்டிகளில் வெப்பம் வெளியேறும் குழாய் பக்கச் சுவருக்குள் இருப்பதால் பக்கம் சூடாவது இயல்பு. அதைக் கோளாறு என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள். பழைய பெட்டியில் அந்தக் குழாய் முதுகில் வெளியே தெரியும். விறகடுப்பு வீட்டில் அதில் புகைக்கரியும் எண்ணெயும் படிந்து கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு மென்மையான தூரிகையால் துடையுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியும் வையுங்கள்.

கொம்பிரசர் சில விநாடி உறுமி, 'டிக்' என்று அடங்கி, இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபடி உறுமினால், அது கிளம்ப முடியாமல் தவிக்கிறது. கிளப்பிவிடும் ரிலே பழுதாகியிருக்கலாம். நம் பக்கத்தில் அதைவிட அதிகம் மின்னழுத்தக் குறைவு. 230 வோல்ட் வர வேண்டிய லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) கடைசி வீட்டில், மாலை ஆறரைக்கு எல்லா வீட்டிலும் கேத்தலும் சோற்றுக் குக்கரும் போட்டபிறகு பல்ப் மங்குவதைப் பார்த்தாலே தெரியும். அந்த நேரத்தில் பிரிட்ஜை ஒரு மெல்லிய நீட்டு வயரில், கேத்தலோடு சேர்த்துச் சொருகியிருப்பார்கள். தனிப் பிளக்கும், மின்னழுத்தத்தைச் சீராக்கும் தகுந்த அளவு ஸ்டெபிலைசரும் தேவை. ஓடும்போது இழுக்கும் மின்சாரத்தைப் போலப் பல மடங்கு கிளம்பும்போது இழுக்கும் என்பதால் சின்ன ஸ்டெபிலைசர் பயன்படாது. மின்வெட்டுக்குப் பின் ஐந்து நிமிடம் பொறுத்துச் சொருகுங்கள். 2022இல் ஒருநாளில் 13 மணித்தியாலம்வரை வெட்டிய காலத்தில், மின்சாரம் வந்துவந்து போனதில் எத்தனை கொம்பிரசர்கள் என் கைக்கு வந்தன!

கத்தி விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். ஒற்றைக் கதவுப் பெட்டியின் ஐஸ் அறை மெல்லிய அலுமினியத் தகடு. அந்தத் தகட்டுக்குள்தான் கேஸ் ஓடுகிறது. தீபாவளிக்கு முதல்நாள் இறைச்சிப் பொட்டலம் ஐஸோடு ஒட்டிக்கொண்டது என்று கத்தி முனையால் நெம்புகிறார்கள். 'உஸ்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், இப்போது கேஸ் உண்மையாகவே போய்விட்டது. புதிய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பக்கத்திலுள்ள சுவிட்ச் எதையும் தொடாதீர்கள்.

ஐஸ் தானாக உருகும் வகைப் பெட்டியில் கதை மாறும். அதில் முதலில் கீழ்ப் பகுதி சூடாகும், பிரீசர் பிறகுதான் இளகும். பிரீசரின் பின்பலகைக்குப் பின்னால் ஐஸ் சுவராகக் கட்டி, காற்று வரும் வழியை அடைத்திருக்கும். காற்றாடி எதிலோ உரசுகிற சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம். பிளக்கைக் கழற்றி, இரண்டு கதவையும் திறந்து, கீழே துணி விரித்து ஒருநாள் முழுவதும் விடுங்கள். கொழும்பு உறவினர் "ஆறு மணித்தியாலம் போதும்" என்பார். 15 பாகை வீட்டில் போதாது. மடித்த துணியின் மேல் ஒரு பாத்திரம் சுடுநீர் வைத்தால் விரைவாகும். பிறகு நன்றாகக் குளிர்ந்து, ஓரிரு வாரத்தில் பழையபடி ஆனால், ஐஸ் உருக்கும் ஹீட்டரோ அதன் டைமரோ சென்சரோ போயிருக்கிறது. இவை மாற்றக்கூடிய உதிரிப்பாகங்கள். இதற்கும் கேஸ் நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் மூடுபனி ஈரம் முழுக்க உள்ளே போகிறது என்று பொருள். சூடான குழம்பை உள்ளே வைக்காதீர்கள் என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

பெட்டி நின்ற நாளில் "வெளியே குளிர்தானே" என்று மீனை வாளியில் போட்டுப் பின்கட்டில் வைப்பது ஆபத்து. நம் பின்கட்டில் இரவு 8, 9 பாகை; மீனுக்கு வேண்டியது 4க்குக் கீழே. கதவைத் திறக்காவிட்டால் நிறைந்த பிரீசர் இரண்டு நாள்வரை தாக்குப்பிடிக்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாணயம் அடியில் கிடந்தால், உள்ளே இருந்ததெல்லாம் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகு, கொம்பிரசர் ஓயாமல் ஓடியும் வெப்பக் குழாய் சூடாகவில்லை, உள்ளே ஒரு மூலையில் மட்டும் பனி பிடிக்கிறது என்றால் கேஸ் கசிவு என்று சந்தேகிக்கலாம். வருகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஓட்டை எங்கே, வடிகட்டியை மாற்றுகிறீர்களா, கேஸைத் தராசில் நிறுத்துப் போடுகிறீர்களா? ஆர் 600ஏ ஒரு வீட்டுப் பெட்டிக்குச் சில பத்துக் கிராம்தான். உத்தேசமாக ஊதிவிட்டுப் போகிறவருக்கு டீயை மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.