எல்க் வேட்டைக்கு இடம் தேடும்போது முதலில் சாலைகளைக் கழித்துவிடுங்கள்

கொலராடோவின் பொது நிலங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் துப்பாக்கியுடன் எல்க் மான் வேட்டைக்குச் செல்பவர்கள், அமெரிக்க வனத்துறை இலவசமாக வெளியிடும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடத்தை எடுத்து, வாகன அனுமதியுள்ள ஒவ்வொரு சாலையின் இருபுறமும் ஒன்றரை கிலோமீட்டர் அகலத்துக்குப் பென்சிலால் தீட்டிவிட்டு, வெள்ளையாக எஞ்சும் திட்டுகளில் மட்டும் தேடலைத் தொடங்கலாம். வீட்டு மேசையில் ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும் இந்த வேலை, மலையில் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

வண்டிகள் ஓடும் சாலைகளை எல்க் மான்கள் தவிர்க்கின்றன என்பது ஓரிகனின் ஸ்டார்க்கி ஆய்வுக் காட்டில் நடந்த நீண்ட கால ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. வேட்டைப் பருவம் தொடங்கி மனித நடமாட்டம் கூடியதும் அவை இன்னும் உள்ளே ஒதுங்குகின்றன. எஞ்சிய திட்டுகளிலும், வடக்கு நோக்கிய சரிவில் அடர்ந்த ஊசியிலை மரங்களும் அருகிலேயே புல்வெளியும் தண்ணீரும் சேர்ந்திருக்கும் இடத்துக்கு முதலிடம் கொடுங்கள். பகலில் அந்தக் குளிர்ந்த நிழலில் படுத்திருக்கும் கூட்டம், பெரும்பாலும் அந்தியிலும் விடியலிலும்தான் மேய வெளியே வரும்.

கடும் பனி விழுந்த பிறகு இந்தக் கணக்கு பொருந்தாது. மான்கள் தாழ்வான குளிர்கால மேய்ச்சல் நிலங்களுக்கு இறங்கிவிடும், அவற்றில் கணிசமான பகுதி அனுமதியின்றி நுழையக்கூடாத தனியார் நிலம். தனியாகச் செல்பவர் தூரத்தையும் யோசிக்க வேண்டும்: வளர்ந்த ஆண் மானின் இறைச்சியை எலும்பு நீக்கிய பிறகும் பல நடையாகத்தான் சுமக்க முடியும் என்பதால், வெயில் நாட்களில் அது கெடுவதற்குள் வண்டிக்குக் கொண்டுவர முடிகிற திட்டையே அவர் தேர்ந்தெடுப்பது நல்லது.